பள்ளி வேலிக்கு என்ன பூசுவது?

(தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தகவல் இலாகா அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்துள்ள பொருள் மிகச் சிறியது. பள்ளியின் முன்புறத்தில் நீங்களே கூடி உழைத்து எழுப்பிய பலகை வேலிக்கு எதைப் பூசுவது, சங்கத்தின் கையிருப்பிலிருந்து அதற்கு எவ்வளவு செலவிடுவது என்பதே அது. இவ்வளவு சிறிய செய்திக்கு ஓர் அதிகாரி வந்து பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் சென்ற மாதக் கூட்டத்தில் இதே பொருள்மீது ஒன்றரை மணி நேரம் வாதம் நடந்து, முடிவு காணாமல் கலைந்ததாகத் தலைமையாசிரியர் என்னிடம் கூறினார். ஒரு சாரார் வார்னிஷ் பூசலாம் என்றனர். இன்னொரு சாரார் கெட்டியான பச்சைப் பெயிண்டு அடிக்கலாம் என்றனர். ட்ரெக்டர் ஓட்டும் அன்பர் ஒருவர், பட்டறையில் கழித்து வைத்திருக்கும் எஞ்சின் எண்ணெய் ஒரு டிரம் நிறைய இருக்கிறது, அது இலவசம், அதையே பூசிவிட்டால் ஒரு காசும் செலவாகாது என்றார். கைதட்டல் அவருக்கே அதிகம் கிடைத்ததாம்!

அந்த அன்பர் இங்கே அமர்ந்திருக்கிறார். அவருடைய நோக்கம் நல்லது. சங்கத்தின் பணம் யாருடைய பணம் என்பதை அவர் அறிவார். வீட்டுக்கு ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று சேர்ந்த பணம் அது. அதைச் சாயத்தில் கொட்டுவதைவிடப் பிள்ளைகளின் புத்தகத்துக்குச் செலவிடலாம் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த எண்ணெய் இலவசம் என்பதை மட்டும் நான் ஏற்க இயலாது. அதற்கான காரணத்தைப் பிறகு கூறுகிறேன்.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்து, முதன்முதலாக நான் பணியேற்ற பள்ளியும் ஒரு தோட்டப் பள்ளிதான். அங்கும் ஒரு பலகை வேலி எழுப்பினோம். மரத்தின் இயற்கை அழகு மறையக்கூடாது என்று வாதாடி, நிறமற்ற வார்னிஷ் பூச வைத்தவன் நானே. திறப்பு விழா அன்று வேலி கண்ணாடிபோல் மின்னியது. வந்தவர் எல்லாம் பாராட்டினர். அடுத்த ஆண்டு விளையாட்டுப் போட்டி நாளில் பார்த்தால், பாம்பு சட்டை உரித்ததுபோல் வார்னிஷ் சுருள் சுருளாக உரிந்து தொங்கியது. உரிந்த இடமெல்லாம் சாம்பல் நிறம். உரியாத இடத்தின் அடியில் கரும்புள்ளிகள். பால்வெட்டும் பெரியவர் ஒருவர் என் அருகில் வந்து, "வாத்தியாரே, ஒரு வருசப் பளபளப்புக்குத்தானா காசு கொடுத்தோம்?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது இன்னும் மறக்கவில்லை. அந்த வார்னிஷைச் சுரண்டி எடுக்க இரண்டு முழு நாள் கூட்டுப் பணி தேவைப்பட்டது.

ஏன் அப்படி ஆயிற்று? அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

நம் நாட்டில் திறந்த வெளியில் நிற்கும் மரத்துக்கு வெயில், மழை, பூஞ்சணம், கறையான் ஆகிய நான்கும் பகை. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர், மர இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசைபோன்ற பொருளைச் சிதைக்கிறது. 'லிக்னின்' என்பது அதன் பெயர். அது சிதைந்த பின்னர் வரும் மழை, சிதைந்ததைக் கழுவிக்கொண்டு போகிறது. எஞ்சுவது சாம்பல் நிறத் தும்பு. உங்கள் வேலிப் பலகையை விரலால் தேய்த்துப் பாருங்கள். அந்தத் தும்பு கையில் வரும். தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காலையில் வெயில் காய்ந்து, மாலையில் இடி மழை கொட்டும்போது, பலகை ஒவ்வொரு நாளும் உப்பிச் சுருங்குகிறது. அப்படி உப்பிச் சுருங்கும் பொருளின்மேல் விறைப்பான ஒரு தோலைப் போர்த்தினால் அந்தத் தோல் வெடிக்காமல் என்ன செய்யும்? வெடித்த இடத்தில் நீர் நுழையும். நுழைந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

வார்னிஷும் பெயிண்டும் இப்படிப்பட்ட தோல்களே. வார்னிஷுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது நிறமற்றதாகையால் புறஊதாக் கதிரைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுகிறது. தோலின் அடியிலேயே மரம் சிதைந்துவிட, தோல் பற்றுவதற்கு இடமின்றி உரிந்து விழுகிறது. நான் செய்த பிழை அதுதான். பெயிண்டு கதிரைத் தடுக்கும். ஆனால் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியத் தொடங்கினால், முழுவதையும் சுரண்டாமல் மறுபடி பூச முடியாது.

மரச்சாயம் வேறு வகை. நாம் எதைப் பூசினாலும் 'சாயம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கடையில் கேட்கும்போது 'வூட் ஸ்டெயின்' என்று கேளுங்கள். அது மெல்லியது, தண்ணீர்போல் ஓடும். மேலே படியாமல் மரத்துக்குள் ஊறும். அதில் எண்ணெய் அல்லது பிசின் ஒன்று, நிறத்தூள், கரைப்பான், பெரும்பாலும் பூஞ்சணக் கொல்லி மருந்து சிறிதளவு ஆகியவை கலந்திருக்கும். கதிரைத் தடுத்து நிறுத்துவது நிறத்தூள்தான். எனவே வெளியில் நிற்கும் வேலிக்கு நிறமற்ற சாயத்தை வாங்க வேண்டாம். மிக வெளிறிய நிறமும் வேண்டாம். மரத்தின் கோடுகள் ஓரளவு தெரியும்படியான நடுத்தர அல்லது அடர்ந்த பழுப்பு, செம்பழுப்பு நிறங்களே நல்லவை. இந்நிறங்களுக்குப் பயன்படும் இரும்புக் காவி மலிவானது; வெயிலில் வெளிறாதது. நம் பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரைக்குக் கலந்த தூளும் அதுவே. பாட்டி தேங்காய்த் துருவலால் தேய்த்து மெருகேற்றிய தரையின் சிவப்பு எத்தனை ஆண்டுகள் நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஊறும் சாயம் உரிவதில்லை. நாளாக ஆகத் தேய்ந்து மங்கும், அவ்வளவே. மங்கிய பின் கழுவிக் காயவைத்து மேலே ஒரு தடவை பூசினால் போதும். சுரண்டும் வேலை இல்லை. மலிவு என்று நான் சொல்வது இதைத்தான்.

இதைக் கணக்காகவே பார்ப்போம். உங்கள் வேலி 120 அடி நீளம், 4 அடி உயரம். ஒரு புறம் 480 சதுர அடி. இரு புறமும் சேர்த்து 960. பலகை நான்கு அங்குல அகலம், இடைவெளி இரண்டு அங்குலம். ஆகவே மூன்றில் ஒரு பங்கு வெறும் காற்று. மீதி 640 சதுர அடி. பலகைகளின் பக்கவாட்டுக் கனத்துக்கு 120 சதுர அடி சேர்த்தால் 760 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 70 சதுர மீட்டர். வாளால் அறுத்தபடியே இழைக்காமல் விட்ட பலகை நிறையக் குடிக்கும். முதல் பூச்சுக்கு ஒரு லிட்டர் 6 சதுர மீட்டருக்குத்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பூச்சுக்கு 10 சதுர மீட்டர் வரும். முதல் பூச்சுக்கு 12 லிட்டர், இரண்டாவதற்கு 7 லிட்டர், மொத்தம் 19. ஐந்து லிட்டர் டின் நான்கு வாங்கினால் சரியாக இருக்கும். டின்னின்மேல் 'லிட்டருக்கு 12 சதுர மீட்டர்' என்று அச்சிட்டிருந்தால் அது இழைத்த பலகைக்குச் சொன்னது. அதை நம்பிக் குறைவாக வாங்கினால் வேலை பாதியில் நிற்கும். மறுபடி வாங்கும் டின்னின் நிறமும் சற்று மாறிப்போகும்.

இனி விலை. கடைக்குக் கடை மாறுவதால் ஓர் எடுத்துக்காட்டுக்காக மட்டும் இதைச் சொல்கிறேன். மலிவான வார்னிஷ் டின் 60 வெள்ளி, மரச்சாய டின் 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நான்கு டின் வார்னிஷ் 240, மரச்சாயம் 400. 160 வெள்ளி மிச்சம் என்று மகிழ்ச்சி தோன்றும். ஆனால் வார்னிஷை ஆண்டுதோறும் சுரண்டிப் பூச வேண்டுமானால், நான்கு ஆண்டுகளில் 960 வெள்ளி. மரச்சாயத்துக்கு இரண்டு ஆண்டு கழித்து ஒரே ஒரு பூச்சு, இரண்டு டின், 200 வெள்ளி. ஆக மொத்தம் 600. சுரண்டிய கைகளுக்குக் கூலியே போடவில்லை என்பதையும் கவனியுங்கள். டின்னின் விலையை மட்டும் பார்க்காமல், எத்தனை டின், எத்தனை ஆண்டு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

இப்போது அந்த இலவச எண்ணெய்க்கு வருவோம்.

எஞ்சினில் ஓடிக் கழிந்த எண்ணெய் பூசிய கட்டை நீண்ட நாள் உழைப்பதை நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். நீர் சற்று ஒதுங்கும். கறையானும் சில காலம் நெருங்காது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணெய் என்றைக்கும் உலராது. சாயத்தில் உள்ள எண்ணெய் காற்றுடன் கூடிக் கெட்டிப்படும்; எஞ்சின் எண்ணெய் அப்படியே ஈரமாகக் கிடக்கும். பிள்ளை சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். கை வைத்தால் கையில் ஒட்டும். அந்தக் கையோடு ரொட்டியைத் தின்னும். மழை பெய்தால் கரைந்து வேலியோரத்து மண்ணில் இறங்கும். அங்கேதான் பள்ளித் தோட்டத்துக் கீரைப்பாத்தி இருக்கிறது.

அந்த எண்ணெயில் இருப்பது வெறும் அழுக்கன்று. எஞ்சினின் சூட்டிலும் புகையிலும் உண்டான நச்சுப்பொருள்களும், தேய்ந்த உலோகத் துகள்களும் அதில் கலந்திருக்கின்றன. கழிவு எஞ்சின் எண்ணெயை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவி நடத்திய ஆய்வுகளில் புற்றுக்கட்டிகள் தோன்றியுள்ளன. ஆறு வயதுப் பிள்ளை ஆறு ஆண்டுகள் தினமும் தொட்டு விளையாடும் பலகையில் அதைப் பூசலாமா என்பதைப் பெற்றோராகிய நீங்களே சொல்லுங்கள். சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1974 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005 இல் வகுக்கப்பெற்ற அட்டவணைக் கழிவு விதிமுறைகளில், கழித்த மசகெண்ணெய் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளது. அதை மூடிய கலத்தில் வைத்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே பட்டறை டிரம்மை மூடியே வைத்திருங்கள். அதைக் கேட்டு வாங்காதீர்கள். கிராணியாரும் கொடுக்க வேண்டாம்.

தார், ரயில்வேக் கட்டைகளுக்கு ஊட்டிய கிரியோசோட்டு எண்ணெய் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். பிள்ளைகளின் கைபடும் இடத்துக்கு அவை ஆகா.

சென்ற கூட்டத்தில் ஒரு தாய் கேட்டதாகச் சொன்னார்கள்: "நாம இருக்கிறதே செம்பனைத் தோட்டம், செம்பனை எண்ணெயையே பூசினா என்ன?" நல்ல கேள்வி. எல்லா எண்ணெயும் உலரும் எண்ணெயன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றில் கெட்டியாகி ஒரு படலமாகும். செம்பனை எண்ணெய் அப்படி ஆகாது. பிசுபிசுப்பாகவே இருந்து தூசியையும் பூஞ்சணத்தையும் எறும்பையும் அழைத்து வரும். ரப்பர் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, அரைகுறையாக உலரும். நம் காலடியில் வெடித்துச் சிதறும் கொட்டைகளுக்குள் இப்படி ஒரு குணம் இருப்பது வியப்புத்தான். ஆனால் அதைப் பிழிந்து வேலிக்குப் பூசுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

சாயத்தை வீட்டிலேயே கலக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கலக்கலாம். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் இரண்டு பங்கு, டர்பென்டைன் ஒரு பங்கு, லிட்டருக்கு 100 கிராம் அளவில் இரும்புக் காவித்தூள் என்று தொடங்கி, ஒரு துண்டுப் பலகையில் பூசிப் பார்த்து, நிறம் போதாவிட்டால் தூளைச் சற்றுக் கூட்டலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஆளிவிதை எண்ணெயைப் பூஞ்சணம் விரும்பித் தின்னும். நம் ஈரக் காற்றில் மருந்து கலவாத எண்ணெய் விரைவில் கறுக்கும். அடுத்து, ஆளிவிதை எண்ணெயின் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள். பலருக்கு ஆசை அங்கேயே தணிந்துவிடும். சிறிய வேலிக்கு, வீட்டில் மிஞ்சியதைக் கொண்டு கலப்பவர்களுக்கு இது பொருந்தும். 120 அடி பள்ளி வேலிக்குக் கடைச் சாயமே மேல் என்பது என் கருத்து.

'சோலிக்னம்' வாங்கினால் போதாதா என்றும் கேட்கிறார்கள். எந்த மரப் பாதுகாப்பு மருந்தையும் அந்தப் பெயராலேயே அழைக்கும் பழக்கம் நம்மிடம் உள்ளது. மருந்து வேறு, சாயம் வேறு. மருந்து கறையானையும் பூஞ்சணத்தையும் தடுக்கும். நிறத்தூள் இல்லாத மருந்து வெயிலைத் தடுக்காது. இரண்டும் சேர்ந்த வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். தனி மருந்தாக இருந்தால் முதலில் அதைப் பூசி, டின்னில் சொல்லியபடி நன்றாகக் காய்ந்த பிறகே சாயம் பூச வேண்டும். மருந்து எதுவானாலும் பிள்ளைகள் பள்ளியில் இல்லாத நாளில், கையுறை அணிந்து பூசுங்கள்.

தண்ணீரில் கரையும் சாயமும் கடையில் உண்டு. மணம் குறைவு; தூரிகையைக் குழாயடியிலேயே கழுவிவிடலாம். ஆனால் காய்வதற்குள் மழை வந்தால் அத்தனையும் சாக்கடையில் ஓடிவிடும். எண்ணெய்ச் சாயம் சற்று ஆழமாக ஊறும். நம் மாலை மழையை எண்ணி நான் எண்ணெய்ச் சாயத்தின் பக்கமே சாய்கிறேன்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தில், பலவகை மரக்கட்டைகளை மருந்தூட்டாமல் மண்ணில் நட்டு எத்தனை ஆண்டு தாங்குகின்றன என்று நெடுங்காலமாகச் சோதித்து வந்திருக்கிறார்கள். செங்கால் மரம் பத்து ஆண்டுக்கு மேல் தாங்கும் வகை. ரப்பர் மரமோ இரண்டு ஆண்டுகூடத் தாங்காத வகை. அதில் மாவுச்சத்து மிகுதியாகையால் வண்டும் பூஞ்சணமும் உடனே வந்துவிடும். மறுநடவுக்கு வெட்டிய பால்மரம் சும்மா கிடைக்கிறதே என்று அதை வேலிக்கால் ஆக்கியவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். உங்கள் வேலிக்குச் செங்கால் மரக் கால்களை நட்டிருக்கிறீர்கள்; மகிழ்ச்சி. ஆனால் பலகைகள் கலப்பு மரம். சில இடங்களில் பலகையின் அடிநுனி மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதை வரும்போது கவனித்தேன். எந்தச் சாயமும் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்காது. பூசுவதற்கு முன்பே அடியில் இரண்டு அங்குலம் அறுத்துவிடுங்கள், அல்லது மண்ணை அந்த அளவுக்கு வெட்டி இறக்குங்கள். பலகை பச்சை நிறம் ஏறிய மருந்தூட்டிய மரமானால், அறுத்த தூளைப் பிள்ளைகள் மிதிக்காமல் கூட்டி அள்ளுங்கள். அத்துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது. அவ்வகை மருந்தில் ஆர்செனிக் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். புகையிலும் சாம்பலிலும் அது தங்கும்.

இனிப் பூசும் முறை. வேலி ஓராண்டாக வெறுமையாக நிற்பதால் சாம்பல் நிறம் ஏறிவிட்டது. வடக்குப் பக்கம் பாசியும் இருக்கிறது. அதன்மேல் எவ்வளவு உயர்ந்த சாயத்தைப் பூசினாலும், செத்த தும்பின்மேல் பூசியதாகவே ஆகும். துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து, பாசியும் கரும்புள்ளியும் உள்ள இடத்தில் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நார்த் தூரிகையால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அந்தத் திரவத்தோடு கழிப்பறை கழுவும் அமிலத்தையோ வேறு எந்த மருந்தையோ கலந்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். கழுவிய பலகை நன்கு காய்ந்தபின், முரட்டு உப்புத்தாளால் சாம்பல் தும்பு போகும்வரை இழை செல்லும் திசையில் தேயுங்கள். பழைய வாயிற் கதவில் மட்டும் எப்போதோ பூசிய பெயிண்டு இருக்கிறது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலரத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்; அந்தக் கதவை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள்.

பலகை காய்ந்ததா என்பதை அறிய எளிய வழி உண்டு. கையால் சில துளி நீர் தெளியுங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் சாயத்தையும் உறிஞ்சும். முத்துமுத்தாக நின்றால் பலகை இன்னும் ஈரம், அல்லது மேற்பரப்பு இன்னும் தேய்க்கப்படவில்லை. நம் மேற்குக் கரையில் பிப்ரவரியிலும், ஜூன், ஜூலையிலும் மழை சற்றுக் குறைவு. அக்டோபர், நவம்பரில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

காலையில் பனி காய்ந்தபின் தொடங்குங்கள். உச்சி வெயில் படும் பலகையில் பூசினால், உள்ளே ஊறுவதற்குள் மேலேயே உலர்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். நிழல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பூசிக்கொண்டே நகருங்கள். நான்கு டின்னையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலந்தால் நிறம் ஒன்றாகும். நிறத்தூள் அடியில் தங்கும் தன்மையது. ஒரு குச்சியோடு ஒரு பெரிய மாணவனை வாளிக்குக் காவல் வையுங்கள். அவ்வப்போது அடிமுதல் கிளறுவது அவன் வேலை.

முதலில் பூச வேண்டியது பலகையின் முகம் அன்று, மேல்நுனியும் அடிநுனியும். மரம் உயிரோடு நின்றபோது நீர் ஏறிய குழாய்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது. மழை நீரும் அங்கேதான் குடிக்கிறது. நுனிகள் போதும் போதும் என்னும்வரை இரண்டு மூன்று முறை ஊட்டுங்கள். அதன்பின் ஒரு பலகையை எடுத்தால் மேலிருந்து கீழ்வரை முடித்துவிட்டே அடுத்ததற்குச் செல்லுங்கள். பாதியில் நிறுத்தித் தேநீர் குடிக்கப் போனால், நிறுத்திய இடம் கோடாகத் தெரியும். உருளையைவிட அகலத் தூரிகை நல்லது. சாயத்தை இழைக்குள் தள்ளும். கால் மணி நேரம் கழித்தும் ஊறாமல் மேலே தேங்கியிருந்தால் பழந்துணியால் துடைத்து எடுங்கள். மிகுதியாக விட்டால் வலுவாகும் என்று எண்ண வேண்டாம்; தேங்கிய சாயம் பிசுபிசுத்துப் பின்னர் உரியும். டின்னில் வேறு கூறாவிட்டால், இரண்டாம் பூச்சு மறுநாள்.

அந்தத் துடைத்த துணிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால், எண்ணெய் உலரும்போது பிறக்கும் சூடு வெளியேற வழியின்றிப் பெருகி, நெருப்பு வைக்காமலே தானாகத் தீப்பற்றும். நம் பழைய பலகை வீடுகளுக்கு இது விளையாட்டன்று. துணிகளை ஒரு தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள், அல்லது வெட்ட வெளியில் கம்பியில் விரித்து ஒவ்வொன்றாகக் காயவிடுங்கள். தாய்மார்கள் யாராவது ஒருவர் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பொறுப்பேற்றால் எனக்கு நிம்மதியாக இருக்கும். மிஞ்சிய சாயத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்; இறுக மூடி, தேதி எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தால் கீறல் விழுந்த இடங்களுக்குப் பிறகு உதவும்.

தலைவர் அவர்கள் வரும் சனிக்கிழமையைக் கூட்டுப் பணிக்குக் குறித்திருக்கிறார். அன்று கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் காயட்டும். அதற்கடுத்த சனிக்கிழமை காலை தேய்த்து முதல் பூச்சு, ஞாயிறு இரண்டாம் பூச்சு. ஆளுக்கு ஒரு பழைய சட்டை, ஒரு சோடி கையுறை, வீட்டில் இருந்தால் ஓர் அகலத் தூரிகை கொண்டு வாருங்கள். வேலியோரத்துக் கறிவேப்பிலைச் செடிகளை மூடப் பழைய சாக்கு நான்கும் வேண்டும். முதல் பலகை, பள்ளிக்குப் பின்புறம் யார் கண்ணிலும் படாத மூலையில் இருக்கட்டும். நிறம் பிடித்திருக்கிறதா என்று அங்கே பார்த்துக்கொண்டு முன்புறத்துக்கு வரலாம். அன்று மழை பெய்தால் அடுத்த வாரம். அடுத்த வாரமும் பெய்தால் அதற்கும் அடுத்த வாரம். ட்ரெக்டர் ஓட்டும் அன்பர், பட்டணத்திலிருந்து டின்களை ஏற்றிவரத் தாமே போவதாகச் சற்று முன் என்னிடம் கூறினார். அவரோடு நானும் கடைக்கு வருகிறேன்.